ஒரே கணக்கின் பற்றும் வரவும்: வைஷாலியின் இரண்டு சரிவுகள், இரண்டு மீட்சிகள்

2024 ஏப்ரலில் மூன்று வாரம் எனக்குச் சரியான தூக்கம் இல்லை. டொராண்டோவில் பிற்பகல் இரண்டரை மணிக்குக் கடிகாரத்தைத் தட்டினால் இங்கே நள்ளிரவு பன்னிரண்டு. உலக சாம்பியனோடு மோதப்போகிறவரைத் தேர்ந்தெடுக்கும் கேண்டிடேட்ஸ் செஸ் போட்டியின் பெண்கள் பிரிவில் வைஷாலி ரமேஷ்பாபு ஆடிக்கொண்டிருந்தார். ஆறாவது சுற்றில் தோற்றார். ஏழில் தோற்றார். எட்டிலும் தோல்வி, ஒன்பதிலும் தோல்வி. பத்தாவது சுற்றன்று, 'இன்றைக்கு வேண்டாம், படுத்துவிடலாம்' என்று விளக்கை அணைத்தேன். பத்து நிமிடம்கூடத் தாங்கவில்லை, கைபேசியை மறுபடி எடுத்துவிட்டேன். அன்று வென்றார். அதன் பிறகு கடைசிச் சுற்று வரைக்கும் வென்றுகொண்டே இருந்தார்.

ஆறு முதல் பதினான்கு வரையான சுற்றுகளை, வெற்றிக்கு 1, டிராவுக்கு அரை, தோல்விக்கு 0 என்று எண்ணாக எழுதிப் பாருங்கள்: 0 0 0 0 1 1 1 1 1. ஒரு டிராகூட இல்லை. உலகின் தலைசிறந்த எட்டுப் பெண்கள் மோதும் தொடரில், பாதிக்குப் பாதி ஆட்டங்கள் டிராவில் முடிவது சாதாரணமான இடத்தில், இப்படி ஒரு வரிசை வருவது அரிது.

பதினாறு மாதம் கழித்து இன்னொரு வரிசை வந்தது. 2025 ஆகஸ்டில், சொந்த ஊரான சென்னையில், சென்னை கிராண்ட்மாஸ்டர்ஸ் போட்டியின் சேலஞ்சர்ஸ் பிரிவில் தொடர்ச்சியாக ஏழு ஆட்டங்களைத் தோற்றார். ஒன்பது சுற்றில் எடுத்தது 1.5 புள்ளி. பட்டியலில் கடைசி. அடுத்த மாதமே உஸ்பெகிஸ்தானின் சமர்கண்டில் பெண்கள் கிராண்ட் ஸ்விஸ் போட்டியை 11 சுற்றில் 8 புள்ளி எடுத்து வென்றார்.

இந்த இரண்டு மீட்சிகளையும் 'மன உறுதி' என்ற ஒரே பெட்டியில் போட்டு மூடிவிடுவதுதான் வழக்கம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. டொராண்டோவில் நடந்தது வேறு, சென்னையில் நடந்தது வேறு. சென்னையில் விழுந்ததும் சமர்கண்டில் எழுந்ததும் ஒரே கணக்குப் புத்தகத்தின் எதிரெதிர்ப் பக்கங்கள் என்பது என் எண்ணம். தொழில்முறையாக ஆடும் ஒரு பெண் எந்தப் போட்டியில் செலவழிக்கிறார், எந்தப் போட்டியில் சம்பாதிக்கிறார் என்று பார்த்தால் இது புரியும்.

ஆள்

வைஷாலி 2001-ல் பிறந்தவர். சென்னை. தொலைக்காட்சி பார்ப்பதைக் குறைக்கத்தான் பெற்றோர் அவரை செஸ் வகுப்பில் சேர்த்தார்கள் என்பது பலமுறை எழுதப்பட்ட கதை. 2012-ல் பன்னிரண்டு வயதுக்குட்பட்ட சிறுமியர் உலகப் பட்டம், 2015-ல் பதினான்கு வயதுக்குட்பட்டோர் பட்டம். 2013-ல் மேக்னஸ் கார்ல்சன் சென்னையில் பலருடன் ஒரே நேரத்தில் ஆடிய காட்சி ஆட்டத்தில் அவரை வென்ற சிறுமியும் இவர்தான். 2018-ல் பெண்களுக்கான தனிப் பட்டமான பெண் கிராண்ட்மாஸ்டர், 2021-ல் சர்வதேச மாஸ்டர், 2023 டிசம்பரில் செஸ்ஸின் மிக உயர்ந்த பட்டமான கிராண்ட்மாஸ்டர். கோனேரு ஹம்பி, ஹரிகா துரோணவல்லி இருவருக்கும் அடுத்து முழு கிராண்ட்மாஸ்டர் ஆன மூன்றாவது இந்தியப் பெண். பயிற்சியாளர் ஆர்.பி. ரமேஷ்.

நான்கு வயது இளைய தம்பி பிரக்ஞானந்தா 2018-லேயே, பன்னிரண்டு வயதில், கிராண்ட்மாஸ்டர் ஆகிவிட்டார். அதனால் நெடுநாள் இவர் 'பிரக்ஞானந்தாவின் அக்கா'. வீட்டுக்குள் அது பாசம். செய்தித்தாளில் வரும்போது அது வேறு மாதிரி ஒலிக்கும். உலகிலேயே உடன்பிறந்த அக்காவும் தம்பியும் கிராண்ட்மாஸ்டர் ஆனது இதுவே முதல்முறை என்ற செய்தியில்கூட, முதல் வரியில் யார் பெயர் வந்தது என்று நான் கவனித்தேன். சொல்ல வேண்டியதில்லை.

இரண்டு ஏணிகள்

வெளியே இருந்து பார்ப்பவர்களுக்கு ஒரு குழப்பம் உண்டு. செஸ்ஸில் 'ஆண்கள் பிரிவு' என்று ஒன்று கிடையாது. இருப்பது ஓப்பன், அதாவது எல்லாருக்குமானது. அதோடு பெண்களுக்கென்று தனிப் போட்டிகள். ஒரு தொழில்முறைப் பெண் ஆட்டக்காரருக்கு முன்னால் இரண்டு ஏணிகள் நிற்கின்றன. ஹங்கேரியின் ஜூடித் போல்கர் இரண்டாவதை ஏறவே மறுத்தார். பெண்கள் உலகப் பட்டத்துக்கு ஆடாமல் ஓப்பன் ஏணியிலேயே 2735 ரேட்டிங் (ஆட்டக்காரரின் பலத்தைக் காட்டும் எண்) வரை போனார். அந்த உயரம் இன்றுவரை வேறு எந்தப் பெண்ணும் தொடாதது. மற்றவர்களெல்லாம் ஆளுக்கொரு விகிதத்தில் இரண்டு ஏணியிலும் கால் வைக்கிறார்கள்.

ஏன் ஒன்று போதாது? கிராண்ட்மாஸ்டர் பட்ட விதிகளைப் பார்ப்போம். மூன்று நார்ம் (ஒரு போட்டியில் கிராண்ட்மாஸ்டர் தரத்துக்கு ஆடியதற்கான தகுதி) வேண்டும், 2500 ரேட்டிங்கைத் தொட வேண்டும். ஒரு நார்முக்கு, ஒன்பது சுற்றுப் போட்டியில் 2600 அளவுக்கு ஆடியிருக்க வேண்டும். எதிராளிகளில் குறைந்தது மூன்று பேர் கிராண்ட்மாஸ்டர்களாக இருக்க வேண்டும். பெண் கிராண்ட்மாஸ்டர் பட்டம் இந்தக் கணக்கில் சேராது. எதிராளிகளின் சராசரி 2400 என்றால் 9-க்கு 7 எடுத்தாக வேண்டும். சராசரி 2500 என்றால் 6 போதும். காகிதத்தில் ஒரு புள்ளிதான் வித்தியாசம். ஆனால் 7 எடுக்க ஐந்து வெற்றி, நான்கு டிரா, தோல்வியே இல்லை என்ற மாதிரி ஓட்டம் வேண்டும். ஒரு சறுக்கல் வந்தாலே ஆறு வெற்றி தேவைப்படும். பெண்கள் மட்டும் ஆடும் போட்டிகளில் முழு கிராண்ட்மாஸ்டர்கள் குறைவு, சராசரி ரேட்டிங்கும் குறைவு. அதனால் கிராண்ட்மாஸ்டர் ஆக நினைக்கும் பெண் தன்னைவிடப் பலமானவர்கள் கூட்டமாக உட்கார்ந்திருக்கும் ஓப்பனுக்குப் போய்த்தான் ஆக வேண்டும். அங்கே போனால் பரிசுப் பட்டியலின் மேல்பாதியைத் தொடுவது கடினம்.

பணமும் விளம்பரமும் இருப்பது இன்னொரு ஏணியில். 2023-ல் ஐல் ஆஃப் மேனில் நடந்த கிராண்ட் ஸ்விஸ்ஸில் ஓப்பன் முதல் பரிசு 80,000 டாலர், பெண்கள் முதல் பரிசு 25,000 டாலர். 2025 சமர்கண்டில் அது 90,000, 40,000. இடைவெளி சுருங்குகிறது, மூடவில்லை. டொராண்டோவில் இரண்டு கேண்டிடேட்ஸும் ஒரே கூரையின் கீழ் நடந்தபோது ஓப்பனுக்கு 5 லட்சம் யூரோ, பெண்களுக்கு அதில் பாதி. அதே ஆண்டு நார்வே செஸ் பெண்களுக்குத் தனிப் போட்டி தொடங்கி இரு பிரிவுக்கும் சமமான பரிசு வைத்தது. வைஷாலி அங்கும் ஆடினார், முதல் சில சுற்றுகளில் முன்னணியில்கூட இருந்தார், நான்காவதாக முடித்தார்.

ஓப்பனில் 60-வது இடம் பிடிக்கும் ஒருவர், பெண்கள் போட்டியில் முதல் பரிசுக்குப் போட்டியிடும் ஆளாக இருக்கலாம். இந்தச் சூழலில் ஓப்பனுக்குப் போவது பயிற்சிக் கட்டணம் கட்டுவது மாதிரி. ரேட்டிங்கிலும் கட்ட வேண்டும், தன்னம்பிக்கையிலும் கட்ட வேண்டும்.

வைஷாலியின் 2023 இலையுதிர்காலம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அக்டோபரில் கத்தார் மாஸ்டர்ஸ் ஓப்பன், அங்கே மூன்றாவது நார்ம். சில நாள் இடைவெளியில் ஐல் ஆஃப் மேன், அங்கே பெண்கள் கிராண்ட் ஸ்விஸ்ஸில் 8.5/11 எடுத்து முதலிடம். டிசம்பர் முதல் நாள் ஸ்பெயினின் எல் யோப்ரேகாட் ஓப்பனில் 2500-ஐக் கடந்தார். பட்டத்துக்கு மாதாந்திரப் பட்டியலில் 2500 வர வேண்டும் என்பதில்லை, போட்டியின் நடுவில் ஒரு கணம் தொட்டாலும் போதும். தொட்டார். அந்த மூன்று மாதத்தில் ஓப்பனில் கட்டிய கட்டணமும் பெண்கள் போட்டியில் வந்த வரவும் கையோடு கையாக வந்தன. எப்போதும் அப்படி வராது.

டொராண்டோ: தப்பிக்க வழியில்லாத அறை

கேண்டிடேட்ஸ் வடிவமே தனி. எட்டுப் பேர், ஒவ்வொருவரும் மற்ற எழுவரோடு இருமுறை, மொத்தம் 14 சுற்று. ஏறக்குறைய சமப் புள்ளியில் இருப்பவர்களை மோதவிடும் ஸ்விஸ் முறையில் தோற்றால் அடுத்த சுற்றில் கொஞ்சம் எளிதான எதிராளி கிடைப்பார். அந்த அமைப்பே ஒரு மருந்து. இங்கே அது இல்லை. தோற்ற மறுநாளும் எதிரே உட்காருபவர் பெரும்பாலும் முன்னாள் உலக சாம்பியனாகவோ உலகப் பட்டத்துக்கு ஆடியவராகவோதான் இருப்பார். மொத்தப் பட்டியலும் முன்கூட்டியே தெரியும். நீங்கள் தடுமாறுவது எல்லாருக்கும் தெரியும். 'இவரிடம் ஒரு புள்ளி எடுத்தே ஆக வேண்டும்' என்ற நினைப்போடு ஒவ்வொருவரும் வருவார்கள்.

பட்ட காலிலே படும் என்பார்கள். செஸ்ஸில் அதற்கு விதி காரணமில்லை, வேலைமுறை காரணம். தோற்ற இரவு தூக்கம் கெடும். மறுநாள் காலை தயாரிப்பில், நேற்றுத் தோற்ற திறப்பாட்டத்தை (தொடக்க நகர்த்தல்களின் வரிசையை) மாற்றலாமா என்று மனம் அலையும். மாற்றினால் பழகாத நிலைகளில் நேரம் கரையும். கடிகாரம் அதற்கு இடம் தராது. பெண்கள் பிரிவில் முதல் 40 நகர்த்தலுக்கு 90 நிமிடம், நகர்த்தலுக்கு 30 விநாடி கூடுதல். ஓப்பன் பிரிவில் அதே 40 நகர்த்தலுக்கு 120 நிமிடம், ஆனால் அந்தக் கட்டத்தில் கூடுதல் விநாடி கிடையாது. இரண்டிலும் 30-வது நகர்த்தலுக்கு அருகில் வரும் நெருக்கடியின் சுவை வேறு வேறு. வைஷாலி கணக்குப் போட்டு ஆழமாக யோசிப்பவர், நேர நெருக்கடி அவருக்குப் புதிதல்ல. தோல்வி வரிசை நடக்கும்போது ஒவ்வொரு நகர்த்தலையும் இரண்டு முறை சரிபார்க்கத் தோன்றும். சரிபார்க்கச் சரிபார்க்க நேரம் போகும், நேரம் போகப் போகத் தவறு வரும்.

இங்கே ஒரு சின்ன விஷயம் என் கண்ணில் பட்டது. டொராண்டோ அட்டவணையில் ஏழாவது சுற்றுக்கு அடுத்த நாள் ஓய்வு. அதாவது இரண்டாவது தோல்விக்குப் பிறகு ஒரு முழு நாள் கிடைத்தது. ஓய்வு நாள்தான் காயத்துக்குக் களிம்பு என்று நாமெல்லாம் சொல்வோம். அந்த ஓய்வுக்குப் பிறகும் இரண்டு தோல்வி. பத்தாவது சுற்று, வெற்றி வரிசை தொடங்கிய சுற்று, ஒன்பதாவது சுற்றுக்கு மறுநாளே, இடைவெளி இல்லாமல் நடந்தது. ஆக ஓய்வு திருப்பவில்லை. எது திருப்பியது?

ஒன்பது சுற்று முடிந்தபோது அவர் கையில் 2.5 புள்ளி, பட்டியலின் அடியில். முதலிடம் என்ற கேள்வியே இல்லை. இழக்க ஒன்றும் இல்லை என்று சும்மா சொல்வதல்ல, அட்டவணையே அப்படிச் சொன்னது. எதிரே இருந்தவர்களுக்கோ இழக்க இருந்தது. 13-வது சுற்றுக்கு வந்தபோது, முதலிடத்தில் இருந்த சீனாவின் தான் சோங்யியை அரைப் புள்ளி பின்னால் துரத்திக்கொண்டிருந்தவர் லெய் டிங்ஜியே. அவர் வைஷாலியை வென்றால் பட்டத்தின் மேல் கை வைக்கலாம். வென்றே ஆக வேண்டியவர், எதற்கும் தயாராக ஆடும் ஒருவர் முன்னால் உட்கார்ந்தார். வைஷாலி வென்றார். தான் சோங்யிக்குப் பாதை திறந்தது. கடைசிச் சுற்றில் கத்ரீனா லாக்னோவையும் வென்று, தொடர்ச்சியாக ஐந்து வெற்றியோடு 7.5 புள்ளியில் முடித்தார். தான் சோங்யி 9 புள்ளியோடு முதல். ஹம்பி, லெய், வைஷாலி மூவரும் சமமாக அடுத்து. சமன் முறிக்கும் கணக்கான டை-பிரேக்கில் வைஷாலி நான்காவது.

நான்கு தோல்வியைத் தொடர்ந்து காண்பது ஓரளவு தற்செயலாகவும் நடக்கலாம். ஒரு ஆட்டத்தில் தோற்க 30 சதவீத வாய்ப்பு என்று வைத்தால், குறிப்பிட்ட நான்கு ஆட்டங்களும் தோல்வியாக அமைய ஏறக்குறைய 120-க்கு ஒரு வாய்ப்பு. எட்டுப் பேர் 14 சுற்று ஆடும் அறையில் அது எப்போதாவது யாருக்காவது நடக்கும். அதனால் டொராண்டோவை நான் பெரிய மர்மமாகப் பார்க்கவில்லை. பொருத்தமான எதிராளிகள், சம பலம், ஒரு மோசமான வாரம், ஒரு அருமையான வாரம்.

அதே அரங்கில், சில பலகை தள்ளி, தம்பியும் ஓப்பன் கேண்டிடேட்ஸ் ஆடிக்கொண்டிருந்தார். அக்காவும் தம்பியும் ஒரே சமயத்தில் கேண்டிடேட்ஸ் ஆடியது அதுவரை நடக்காதது. அது பலமா பாரமா என்று வெளியாள் நான் சொல்ல முடியாது. தோற்றுவிட்டு எழுந்து போகும்போது இன்னும் ஆடிக்கொண்டிருக்கும் சொந்த ரத்தத்தைக் கடந்து போக வேண்டும் என்பது மட்டும் உண்மை.

சென்னை: ஏழு

2025 ஆகஸ்ட் தொடரை நான் வேறு கண்ணால் பார்க்கிறேன். முன்கதை ஒன்று உண்டு. ஜூலையில் ஜார்ஜியாவின் பட்டுமியில் பெண்கள் உலகக் கோப்பை. கால் இறுதியில் சீனாவின் தான் சோங்யியிடம் தோற்று வெளியேறினார் வைஷாலி. அந்தப் போட்டியில் இறுதியில் மோதிய இருவருமே இந்தியர். ஹம்பியை டை-பிரேக் ஆட்டங்களில் வென்று திவ்யா தேஷ்முக் கோப்பையையும் கிராண்ட்மாஸ்டர் பட்டத்தையும் ஒன்றாக எடுத்துக்கொண்டார். இருவருக்கும் 2026 கேண்டிடேட்ஸ் உறுதி. வைஷாலிக்கு மீதமிருந்த பெரிய கதவு கிராண்ட் ஸ்விஸ். அங்கே முதல் இரண்டு இடத்துக்குத்தான் கேண்டிடேட்ஸ் அனுமதி.

அதற்குத் தயாராகும் வழியாக வந்தது சென்னைத் தொடர். சேலஞ்சர்ஸ் பிரிவு பத்துப் பேர், ஒன்பது சுற்று. எம். பிரணேஷ் வென்றார். ஆதிபன், இனியன் மாதிரி நமக்குப் பழகிய பெயர்கள், இந்தியாவின் பசித்த இளம் கிராண்ட்மாஸ்டர்கள், நடுவில் இரண்டு பெண்கள்: ஹரிகாவும் வைஷாலியும். போட்டி நடக்கவிருந்த ஹோட்டலில் தீ பிடித்துத் தொடக்கம் ஒரு நாள் தள்ளிப்போனது. 7-ம் தேதி தொடங்கி 15-ம் தேதி முடிந்தது. ஒன்பது நாளில் ஒன்பது சுற்று. நடுவில் மூச்சு விட ஒரு நாள்கூட இல்லை.

ஏழு ஆட்டம் தொடர்ச்சியாகத் தோல்வி. மீதி இரண்டில் ஒரு வெற்றி, ஒரு டிரா. மறுபடி அதே கணக்கைப் போட்டுப் பார்த்தேன். தோல்விக்கு 40 சதவீத வாய்ப்பு என்று தாராளமாக வைத்தாலும், குறிப்பிட்ட ஏழு ஆட்டங்களும் தோல்வியாக அமைய 600-க்கு ஒன்றுதான். தற்செயல் என்று தள்ள முடியாத எண். இங்கே ஏதோ உடைந்திருந்தது. எதிராளிகளின் பலம் ஒரு காரணம். ஒருவேளை பெரிய காரணம் அதுவல்ல.

உள்ளூரில் ஆடுவது பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வெளிநாட்டில் தோற்றால் விடுதி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளலாம். சென்னையில் தோற்றால் தெரிந்தவர் எல்லாரும் அரங்கில் இருக்கிறார்கள். ஆறுதல் சொல்ல வருபவர்களே ஒரு சுமை. எதிராளிகளும் கூடவே வளர்ந்தவர்கள், கூடவே பயிற்சி எடுத்தவர்கள். உங்கள் ஆட்டத்தின் ஓட்டையெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். ஓட்டை எங்கே என்று உங்களுக்குத் தெரியும் என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

ரேட்டிங் கணக்கு இன்னும் கொடுமை. 2400-ஐ ஒருமுறை கடந்தவர்களுக்கு மாற்றக் காரணி (எதிர்பார்த்த புள்ளிக்கும் எடுத்த புள்ளிக்கும் உள்ள வித்தியாசத்தைப் பெருக்கும் எண்) 10. சம பலமுள்ள எதிராளியிடம் ஒரு தோல்விக்கு 5 புள்ளி போகும். எல்லாரும் சமம் என்று வைத்தால், 4.5 எடுக்க வேண்டிய இடத்தில் 1.5 எடுத்தவருக்கு 30 புள்ளி நஷ்டம். எதிராளிகள் உயர்ந்தவர்கள் என்பதால் உண்மையில் அதைவிடச் சற்றுக் குறையும். ஆனாலும் பல மாதம் சேர்த்தது ஒன்பது நாளில் கரைந்துபோகும். அழைப்புப் போட்டிகள் ரேட்டிங்கைப் பார்த்து வருகின்றன என்பதால் இது மானப் பிரச்சினை மட்டுமல்ல, அடுத்த ஆண்டு வருமானப் பிரச்சினையும்.

இந்த இடத்தில்தான் வைஷாலி கிராண்ட் ஸ்விஸ்ஸுக்கே போக வேண்டாம் என்று நினைத்தார். பின்னர் அவரே வெளிப்படையாகச் சொன்னது. பயிற்சியாளரும் தம்பியும் நண்பர்களும் பேசி மனதை மாற்றினார்கள். இது அழகான குடும்பக் கதையாக ஊடகங்களில் ஓடியது. நான் அதில் கவனித்தது வேறு: அந்த ஆலோசனை சொன்னவர்கள் எல்லாரும் ஓப்பன் ஏணியில் அடி வாங்கிப் பழகியவர்கள். ஏழு தோல்வியை 'நீ முடிந்துவிட்டாய்' என்று படிக்காமல், 'பலமானவர்களிடம் வாங்கினாய், அங்கே எதிரே இருக்கப்போவது இவர்கள் அல்ல' என்று படிக்கத் தெரிந்தவர்கள். தனியாகப் பயணிக்கும், பெண்கள் போட்டி மட்டுமே ஆடும் ஒருவருக்கு இந்த வாசிப்பைத் தர ஆள் இருக்காது. விஸ்வநாதன் ஆனந்தின் அகாடமி மாதிரி ஆணும் பெண்ணும் ஒரே மேசையில் அலசும் இடங்கள் சென்னையில் இருப்பதன் உண்மையான பலன் இதுதான் என்பேன். திறப்பாட்டக் கோப்புகள் எங்கு வேண்டுமானாலும் கிடைக்கும்.

பலகைக்கு வெளியே, சுருக்கமாக

சர்வதேச அனுபவம் என்றால் பலகை மட்டும் இல்லை. டொராண்டோவுக்கு விசா கிடைப்பதே கடைசி வாரங்கள் வரை இழுத்தது. உலக செஸ் கூட்டமைப்பு வெளிப்படையாகக் கனடா அரசிடம் முறையிட வேண்டியிருந்தது. 2024 ஜனவரியில் நெதர்லாந்தின் விக் ஆன் ஜீயில் ஆடித் திரும்பிய திவ்யா, பார்வையாளர்கள் ஆட்டத்தை விட்டுவிட்டு உடையையும் தலைமுடியையும் உச்சரிப்பையும் பேசுகிறார்கள் என்று எழுதினார். அப்போது அவருக்கு 18 வயது. 2017-ல் உக்ரைனின் அன்னா முசிச்சுக் இரண்டு உலகப் பட்டங்களைக் காக்க ரியாத்துக்குப் போகவே மறுத்தார். அங்கே விதிக்கப்பட்ட உடையும், துணையின்றி நடமாட முடியாத நிலையும் அவருக்கு ஏற்கவில்லை. பட்டம் போனது. இவை ஒவ்வொன்றும் தனிக் கட்டுரைக்கு உரியவை. இங்கே சொல்லக் காரணம் ஒன்றுதான்: ஓர் ஆண் ஆட்டக்காரர் தோல்வி வரிசையில் இருக்கும்போது அவர் சட்டையைப் பற்றி யாரும் எழுதுவதில்லை.

சமர்கண்ட்: வரவு

சென்னையில் கடைசிச் சுற்று ஆகஸ்ட் 15. சமர்கண்டில் முதல் சுற்று செப்டம்பர் 4. நடுவில் மூன்று வாரம்கூட இல்லை. ஸ்விஸ் முறை, 11 சுற்று, 56 பெண்கள். வைஷாலி நடப்புச் சாம்பியன். சென்ற மாதம் கடைசியில் முடித்தவர்.

முன்னணியிலேயே போய்க்கொண்டிருந்தார். எட்டாவது சுற்றில் கசகஸ்தானின் பிபிசாரா அசௌபயேவாவிடம் தோற்றார். என்னைக் கேட்டால் இந்தப் போட்டியின் மையம் அந்தத் தோல்விக்கு மறுநாள்தான். சென்னையின் நினைவு உடம்பில் இன்னும் ஈரமாக இருக்கிறது, ஒரு தோல்வி வந்துவிட்டது, 'ஆரம்பித்துவிட்டது' என்று மனம் சொல்லும். வரிசை நீளவில்லை. அடுத்த சுற்றில் வென்றார். பத்தாவது சுற்றில் முன்னாள் உலக சாம்பியன் மரியா முசிச்சுக்கை வென்றார்.

ஸ்விஸ்ஸின் மருந்து இங்கே கொஞ்சம் வேலை செய்தது என்பதை மறுக்கவில்லை. ஆனால் முன்னணியில் இருப்பவருக்கு அந்த மருந்து மிகக் குறைந்த அளவே கிடைக்கும். எதிரே வருபவர்களும் முன்னணிக்காரர்களே. பெரிய வேறுபாடு இன்னொன்று. சென்னையில் அவர் பட்டியலின் கீழ்ப்பாதியைச் சேர்ந்த ஆள். எதிராளிகள் ஜெயிக்க வந்தார்கள். சமர்கண்டில் அவர் ஆட்டத்தை நடத்த வேண்டிய ஆள். பலமானவர்கள் கொடுக்கும் அழுத்தத்தில் ஒன்பது நாள் மூச்சுத் திணறியவருக்கு, தன் அளவு அழுத்தம் சற்று லேசாகத் தெரியும். மலையில் ஓடிப் பழகியவர் சமதரையில் ஓடுவது போல. இதை நிரூபிக்க ஒரே ஒருவரின் இரண்டு போட்டிகள் போதாது, தெரியும். 2023-ல் கத்தாரும் ஐல் ஆஃப் மேனும் இதே வரிசையில் வந்தன என்பதைச் சேர்த்தாலும் இரண்டுதான். அதே ஓப்பன் அடியில் நொறுங்கிப்போய் மீளாதவர்கள் பெயர் நமக்குத் தெரிய வராது என்பதும் உண்மை. கட்டணம் கட்டிய எல்லாருக்கும் சான்றிதழ் வருவதில்லை.

ஆனாலும் கணக்கை ஒருமுறை முடித்துவிடலாம். சென்னையில் சம பல அடிப்படையில் போனது 30. சமர்கண்டில் அதே அடிப்படையில் 5.5 எடுக்க வேண்டிய இடத்தில் 8, அதாவது 25 வரவு. ரேட்டிங்கை மட்டும் பார்த்தால் கிட்டத்தட்ட நேர் செய்யப்பட்ட கணக்கு. ஆனால் போன 30 ரேட்டிங் பட்டியலைத் தவிர எங்கும் பதிவாகவில்லை. வந்த 25-ஓடு 40,000 டாலரும், கேண்டிடேட்ஸ் இடமும், இந்தப் போட்டியை இருமுறை வென்ற முதல் பெண் என்ற பெயரும் வந்தன. ஏழு ஆட்டம் தோற்ற இடத்தில் கட்டியதை எங்கே வாங்கினார் என்று யாராவது கேட்டால் இந்த வரியைக் காட்டலாம்.

கடைசிச் சுற்றின் எதிராளி தான் சோங்யி. டொராண்டோவில் முதலிடம் பிடித்தவர், ஜூலையில் பட்டுமியில் இவரை வெளியேற்றியவர். பதினேழு மாதத்துக்கு முன்பு டிரா என்ற சொல்லே இல்லாமல் ஒன்பது சுற்று ஆடிய வைஷாலி, அன்று டிரா எடுத்தார். லாக்னோவும் 8 புள்ளியில் நின்றார். டை-பிரேக் வைஷாலி பக்கம் விழுந்தது.